வைரஸ் கையில் இல்லாமலே டெஸ்ட் எப்படி வந்தது?

கேள்வி – கயல்_பயோ
பிளஸ் டூ படிக்கிறேன். 2020 ஜனவரியில் கொரோனாவின் மரபணு வரிசை வெளியான சில நாட்களிலேயே ஜெர்மனியில் டெஸ்ட் முறை தயாராம். சாம்பிளே இல்லாமல் எப்படி? தடுப்பூசியும் இப்படித்தானா?

பதில் – லேப்_முருகன்
கொரோனா காலம் முழுக்க அரசு ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆர் (வைரஸின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் டெஸ்ட்) பார்த்தவன் நான். ஜனவரி 11 அன்று சீன விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழுவின் வரிசை இணையத்தில் வந்தது. சுமார் 30,000 மரபணு எழுத்துகள். பிசிஆருக்கு அத்தனையும் வேண்டாம். இருபது எழுத்துச் சொச்சத்தில், பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் இரண்டு பிரைமர், நடுவில் ஒட்டி ஒளிரும் ஒரு ப்ரோப், அவ்வளவுதான். எழுத்து தெரிந்தால் செயற்கையாகவே தயாரித்துவிடலாம்.

பெர்லினில் வைரஸ் ஆய்வாளர் கிறிஸ்டியான் ட்ரோஸ்டன் குழு, 2003 சார்ஸ் வைரஸிலும் இதிலும் பொதுவாக இருந்த இ ஜீன் பகுதியைக் குறிவைத்தது. அதனால் பழைய சார்ஸை வைத்தே டெஸ்டைச் சரிபார்க்க முடிந்தது. ஜனவரி 13-இல் உலக சுகாதார நிறுவனம் அதை வெளியிட்டது.

எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கும் வரிசையே போதும்; வைரஸின் ஸ்பைக் புரதத்தை (மேலே நீட்டியிருக்கும் முள்) நம் உடலே செய்வதற்கான குறிப்புதான் அது. மாடர்னா ஊசி மார்ச் 16 அன்று சியாட்டிலில் முதல் தன்னார்வலருக்குப் போடப்பட்டது. அவசரத்தில் செய்தது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வரும். ஸ்பைக் புரதம் சட்டென்று வடிவம் மாறிவிடும். அதை நிலைநிறுத்த அடுத்தடுத்த இரண்டு இடங்களில் (இந்த வைரஸில் 986, 987) புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைக்கும் உத்தியை பார்னி கிரஹாம், ஜேசன் மெக்லெல்லன் போன்ற ஆய்வாளர்கள் இன்னொரு கொரோனா வகையான மெர்ஸ் வைரஸில் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள்.

பதில் – சுதா_மைக்ரோ
கோவிஷீல்டு, கோவாக்சின் எல்லாம்?

பதில் – லேப்_முருகன்
கோவிஷீல்டில் ஸ்பைக் ஜீனை சிம்பன்சி அடினோவைரஸில் (குரங்கின் சளி வைரஸ், சுமந்து செல்லும் வண்டி மாதிரி) ஏற்றியிருக்கிறார்கள் மேடம். அந்த இரண்டு புரோலின் மாற்றம் அதில் கிடையாது. கோவாக்சினுக்கு வைரஸே வேண்டும். புனே என்ஐவி (தேசிய வைராலஜி நிறுவனம்) பிரித்தெடுத்ததை வளர்த்துச் செயலிழக்கச் செய்ததுதான் அது.

பதில் – கயல்_பயோ
நன்றி அண்ணா! வைரஸ் மாறினால் டெஸ்ட் ஏமாறாதா?

பதில் – லேப்_முருகன்
ஏமாறும்மா, ஒரே ஜீனை நம்பினால். 2021 டிசம்பரில் ஒமைக்ரான் வந்தபோது, மூன்று ஜீன் பார்க்கும் கிட்டில் என், ஓஆர்எஃப் என்ற இரண்டு ஜீனின் வளைவும் ஜம்மென்று ஏறும், எஸ் (ஸ்பைக் ஜீன்) வளைவு மட்டும் தரையோடு கிடக்கும். ஸ்பைக்கில் 69, 70-ஆம் இடங்கள் விடுபட்டதால் ப்ரோப் ஒட்டவில்லை. மற்ற இரண்டும் பாசிட்டிவ் காட்டியதால் தொற்று டெஸ்டில் தவறிப் போகவில்லை. எஸ் விழுந்த சாம்பிளை ஒமைக்ரான் சந்தேகம் என்று தனியாக எடுத்து, முழு வரிசை பார்க்க அன்றே அனுப்பிவிடுவோம்.