பெலிஸ், பிளசென்சியா: லகூன் ஓரத்தில் மனை வாங்கி வீடு கட்டலாமா?

ஹூஸ்டன்வாசி (கேள்வி)

வணக்கம். நானும் மனைவியும் ஹூஸ்டனில் இருக்கிறோம். மத்திய அமெரிக்காவில் உள்ள பெலிஸ் நாட்டில் பிளசென்சியா தீபகற்பத்தில் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறோம். கிழக்கே கரீபியன் கடல், மேற்கே லகூன் (உப்பங்கழி), நடுவில் ஒற்றைச் சாலை. மனை லகூன் பக்கம். தண்ணீரைப் பார்த்த பக்கம் 100 அடி, உள்வாட்டில் 200 அடி. பாதிக்கு மேல் சுரபுன்னைக் காடு.

"மரத்தை வெட்டிவிட்டு, லகூனைத் தூர்வாரி அந்த மண்ணையே கொட்டி மேடாக்கினால் படகு உங்கள் வாசலுக்கே வரும்" என்கிறார் தரகர். சின்னதாக இரண்டு வீடு கட்டி, டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஒன்றில் நாங்கள் இருந்துகொண்டு, இன்னொன்றை வாடகைக்கு விடலாம் என்று யோசனை. எங்கள் சேமிப்பில் பெரும்பகுதி இதற்குப் போய்விடும். மரத்தை வெட்டலாமா? மேடாக்கினால் நிற்குமா? நாங்கள் இல்லாத எட்டு மாதம் வீடு என்ன ஆகும்? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காதலன்

பத்திர விஷயம் மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டவர் சொந்தப் பெயரிலேயே நிலம் வாங்கலாம். ஆவணங்கள் எல்லாம் ஆங்கிலத்தில்தான், சட்டமும் பிரிட்டிஷ் வழி. பெலிஸ் டாலர் இரண்டுக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று நிலையாக இருக்கிறது. முத்திரைக் கட்டணம் நமக்கு 8 சதவீதம், அதைக் கணக்கில் வையுங்கள். தரகர் காட்டும் வக்கீலை வைக்காதீர்கள். நீங்களே ஒருவரைப் பிடித்து, தலைநகர் பெல்மோப்பானில் நிலப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இங்கே படகுத்துறை வரும், ஆஸ்பத்திரி வரும்" என்று வரைபடத்தைக் காட்டினால் அதற்காக ஒரு டாலர்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள். இதே ஸ்டான் கிரீக் மாவட்டத்தில் அப்படிச் சொல்லி மனை விற்ற ஒரு திட்டத்தை 2018இல் அமெரிக்காவின் எஃப்டிசி (நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பு) நீதிமன்றம் போய் நிறுத்தியது. மக்கள் இழந்தது 10 கோடி டாலருக்கு மேல் என்றார்கள்.

பரங்கிப்பேட்டை அக்கா

தம்பி, நாங்கள் அதே மாவட்டத்தில் ஹாப்கின்ஸ் கிராமத்தில் கடல் பக்கம் வீடு கட்டி 2012இலிருந்து போய் வருகிறோம். நவம்பர் கடைசியில் போய் ஏப்ரலில் திரும்புவோம். நான் சுரபுன்னைக் காட்டுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: அந்த மரங்களை வெட்டாதீர்கள். உங்கள் மனையில் விலை மதிப்புள்ளதே அதுதான்.

வெட்ட வேண்டுமானால் வனத்துறை அனுமதி வேண்டும். சுரபுன்னைக்கென்றே 2018இல் புதிய விதிகள் வந்தன. தூர்வாருவதற்கு அனுமதி தனி. தரகர் இதில் ஒன்றையாவது உங்களிடம் சொன்னாரா?

அனுமதி கிடைத்தாலும் மண் நிற்காது. எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி ஒரு கரிஃபுனாக்காரர், அந்தக் கரையோர மக்களில் ஒருவர். அவர் ஒருமுறை லகூன் ஓரத்து மனை ஒன்றைப் பார்க்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார். 10 அடி முறுக்குக் கம்பி ஒன்றை எடுத்துத் தரையில் ஊன்றி வெறும் கையால் அழுத்தினார். கெட்டித் தயிரில் கரண்டி இறங்குகிற மாதிரி முழுக் கம்பியும் இறங்கிவிட்டது. இழுத்தபோது கறுப்புச் சேறு ஒட்டி வந்தது, அழுகின முட்டை வாசனை. வேரும் இலையும் நூற்றுக்கணக்கான வருடம் மட்கி மட்கிச் சேர்ந்த மண் அது. அதன்மேல் ஆறடி மணலைக் கொட்டினால் கீழே இருப்பது அமுங்கும், இந்தப் பக்கம் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் ஒரு மாதிரி. மேலே கட்டின தளம் விரியும், செப்டிக் டேங்க் சாயும், அந்தக் கழிவு நேரே லகூனுக்குப் போகும். கடற்பசு மேய்கிற தண்ணீர் அது.

அப்புறம் 66 அடி. அங்கே ஊரில் "குயின்ஸ் லேண்ட்" என்பார்கள். நீர்க்கரையிலிருந்து 66 அடி பொது ஒதுக்கீடு. உங்கள் பத்திரத்தில் எல்லை எங்கே தொடங்குகிறது என்று வக்கீலை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். விற்கிறவர் சொல்லும் 200 அடியில் இந்த 66 சேர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும்.

நாங்கள் செய்த தப்பையும் சொல்கிறேன். கடல் தெரியட்டும் என்று முதல் வருடமே கரையில் இருந்த கடல்திராட்சைப் புதரை வழித்து எடுத்தோம். இரண்டு வருடத்தில் மணல் இறங்க ஆரம்பித்தது. அதோடு வடக்கே ஒரு விடுதி சிமெண்ட் தடுப்புச் சுவர் எழுப்பியது. அலை சுவரில் மோதித் திரும்பி, சுவர் முடிகிற இடத்தில் எங்கள் மணலை அள்ளியது. மூன்று தென்னை போய்விட்டது. கரையிலிருந்து 110 அடி தள்ளிக் கட்டச் சொன்னது அந்த மேஸ்திரிதான். அதனால்தான் வீடு இருக்கிறது. புதரைத் திரும்ப நட்டோம், பிடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு அந்தத் தென்னைகள் இன்றும் மனதில் உறுத்தல்தான்.

ஹூஸ்டன்வாசி

அக்கா, மிக்க நன்றி. சர்வே வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த 66 அடியும் 200க்குள்தான் காட்டியிருக்கிறது. மரத்தை விட்டுவிட்டால் சாலையோரம் 80 அடி ஆழம்தான் மிஞ்சும். ஒரு வீடுதான் வரும். அப்படியும் வாங்கலாமா? புயலை நினைத்தால் மனைவிக்குப் பயம்.

பரங்கிப்பேட்டை அக்கா

விலையை அந்த 80 அடிக்குத் தகுந்தபடி பேசுங்கள். தரவில்லையென்றால் விட்டுவிடுங்கள், அங்கே மனை தீராது.

உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2001 அக்டோபர் 8ஆம் தேதி ஐரிஸ் புயல் மங்கி ரிவர் கிராமத்துப் பக்கம் கரையேறியது. பிளசென்சியாவில் பெரும்பாலான வீடுகள் தரைமட்டம். மெல்லிய நிலத் துண்டு தம்பி அது, தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். அதனால் தூண்மேல் கட்டுங்கள். தரைக்கு மேல் ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரம் இருக்கட்டும், கீழே சுவர் வைத்து அறையாக்காதீர்கள். தண்ணீர் வந்தால் வந்த வழியே போகட்டும். கான்கிரீட்டுக்குக் கடல் மணலைக் கலக்க விடாதீர்கள், கம்பி உள்ளிருந்தே துருவேறும். திருகாணி, கீல் எல்லாம் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு. விலை அதிகம்தான், ஆனால் நாங்கள் முதலில் போட்ட சாதாரண கீல்கள் மூன்றாம் வருடம் கையோடு வந்தன.

லகூன் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. கடலில் மிதந்து வரும் சர்காசம் பாசி அங்கே வராது. எங்கள் பக்கம் அது கரையில் குவிந்து அழுகினால் வீட்டுக்குள் இருக்க முடியாது. 2018இல் நாங்கள் இல்லாதபோது மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. நவம்பரில் போய் ஏசியைத் திறந்தால் செப்புக் குழாய் முழுக்க அடுப்புக் கரி மாதிரி கறுத்திருந்தது. விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. அழுகும் பாசியிலிருந்து வருகிற வாயு செய்கிற வேலை. மூன்று ஏசியும் மாற்றினோம். லகூன் பக்கத்துக்குத் தொல்லை மணல் ஈ. காற்று நின்ற சாயங்காலம் வெளியே உட்கார முடியாது. சாதாரணக் கொசுவலையில் நுழைந்துவிடும், நெருக்கமான வலை வாங்குங்கள்.

நீங்கள் இல்லாத எட்டு மாதத்துக்கு ஆள் வேண்டும். வீட்டுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் அந்த ஆளைத் தேடுங்கள். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நாலு வீடு தள்ளி இருக்கிறார். வருடம் பூராவும் சம்பளம் கொடுக்கிறோம், நாங்கள் இருக்கிற மாதத்துக்கு மட்டும் இல்லை. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி நானா புயல் டாங்ரிகாவுக்கும் பிளசென்சியாவுக்கும் நடுவே கரையேறியது. கொரோனாவால் விமான நிலையம் மூடியிருந்த நேரம், அக்டோபர் 1ஆம் தேதிதான் திறந்தார்கள். நாங்கள் இங்கே தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் முந்தின நாளே ஜன்னல் பலகைகளை ஆணியடித்து, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, தன் அம்மாவையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தார். விடிகாலையில் அழைத்து, "கூரை இருக்கிறது, அம்மா தூங்குகிறாள்" என்றார். அதைக் கேட்டபிறகுதான் என் வீட்டுக்காரர் எழுந்து காபி போட்டார்.

வாடகைக்கு விடுவதானால் பெலிஸ் சுற்றுலா வாரியத்தில் பதிய வேண்டும், 9 சதவீத அறை வரியும் உண்டு. ஒரே வீடு என்றால் நீங்கள் இல்லாதபோது விடலாம். ஆனால் புயல் காலமான ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் வருமானத்தை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

தீர்மானிக்குமுன் அக்டோபரில் ஒருமுறை போங்கள், பிப்ரவரியில் எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். மழை பெய்த மறுநாள் மனைக்குள் நடந்து, சேறு எதுவரை வருகிறது என்று ஒரு குச்சி நட்டு வையுங்கள். ஊர்க்காரர் ஒருவரையும் கூட்டிப் போங்கள், 10 அடிக் கம்பியோடு. போகும் தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், எங்கள் மேஸ்திரியிடம் சொல்லி வைக்கிறேன்.

ஹூஸ்டன்வாசி

அக்டோபர் இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் பார்த்துவிட்டேன் அக்கா. மனைவியும் வருகிறாள். இப்போதைக்கு முன்பணம் கட்டப் போவதில்லை என்று தரகருக்கு இப்போதுதான் எழுதினேன்.