'ஆன்செஸ்ட்ரல் டொமைன்': 'தொல்குடிப் புலம்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிலிப்பைன்ஸின் பழங்குடியினரான மனோபோ மக்களைப் பற்றிய கட்டுரைகளுக்காக நாம் திரட்டிவரும் சொற்பட்டியலில் இது மட்டும் இழுபறியாகவே நிற்கிறது. பிலிப்பைன்ஸின் 1997ஆம் ஆண்டுப் பழங்குடி உரிமைச் சட்டத்தில் (குடியரசுச் சட்டம் 8371) வரும் சொல் இது. மின்தனாவோ தீவின் மனோபோக்களைப் பற்றி எதை எழுதினாலும் இரண்டாம் பத்தியிலேயே இந்தச் சொல் வந்து நிற்கும். அதனால் இதைத் தள்ளிப்போட முடியாது.

> 'மூதாதையர் நிலம்' போதுமே. எல்லோருக்கும் விளங்கும்.

விளங்கும், ஐயா. ஆனால் அதே சட்டத்தில் 'ஆன்செஸ்ட்ரல் லேண்ட்' என்று தனியாக இன்னொரு சொல் இருக்கிறது. ஓர் ஆளோ குடும்பமோ குலமோ வழிவழியாக வைத்திருக்கும் வீட்டுமனை, வயல், புனம், மரத்தோப்பு ஆகியவை அதில் அடங்கும். 'மூதாதையர் நிலம்' என்பதை அதற்கென்றே ஒதுக்கிவிடலாம், அச்சாகப் பொருந்துகிறது. 'டொமைன்' என்பது இதையும் உள்ளடக்கிய பெரிய வட்டம். ஆறு, ஏரி, கடலோரம், காடு, இடுகாடு, வழிபாட்டிடம், மண்ணுக்கடியில் கிடக்கும் கனிமம் வரை சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

இதில் 'நிலம்' என்ற சொல்லே கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பதற்கு அகுசான் சதுப்பு நிலப்பகுதிதான் காரணம். அகுசான் தெல் சூர் மாகாணத்தில் ஏறத்தாழ 14,800 ஹெக்டேர் பரப்பில் இருக்கிறது. 1999 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் உண்டு. அங்கே லோரேத்தோ ஊராட்சியைச் சேர்ந்த பன்லபுகான் ஏரியில் மனோபோக் குடும்பங்கள் மிதக்கும் வீடுகளில் வாழ்கின்றன. மரக்கட்டைகளையும் மூங்கிலையும் பிணைத்த மிதவையின் மேல் வீடு. அதை நீரில் நிற்கும் மரங்களோடு கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் ஏரி ஏற ஏற வீடும் ஏறும், கோடையில் இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போவது படகில். உணவும் வருமானமும் விரால், கெளுத்தி போன்ற மீன்களிலிருந்து. முன்னோர் விட்டுச்சென்ற இடம் என்று அவர்கள் காட்டுவது தண்ணீரைத்தான். அதைப் போய் 'மூதாதையர் நிலம்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இது அகுசானோடு முடிவதும் இல்லை. மனோபோக்களில் ஒரு பிரிவினரான மத்திக்சாலுக் என்றால் சாலுக் ஆற்றங்கரையினர். சாலுக் என்பது தாவாவோ ஆற்றின் பழைய பெயர். திக்வா ஆற்றை ஒட்டியவர்கள் திக்வாகானோன், புலாங்கி ஆற்றை ஒட்டியவர்கள் புலாங்கியோன். ஆற்றின் பெயரையே தங்கள் பெயராக வைத்துக்கொண்ட மக்கள் இவர்கள். மனோபோ மொழிகளில் ஒன்றான ககயானென், மின்தனாவோவை விட்டு விலகி, சுலு கடல் நடுவே ககயான்சில்யோ தீவுகளில் பேசப்படுகிறது. அங்கே சுற்றிலும் கடல்தான்.

> 'தாயகம்' அல்லது 'தாய நிலம்' எப்படி?

'தாயகம்' அழகான சொல். ஆனால் நம் வாசகருக்கு அது ஓர் இனத்தின் நாடு என்ற அரசியல் பொருளில்தான் முதலில் படும். இச்சட்டமோ பிலிப்பைன்ஸ் அரசுக்கு உட்பட்ட சொத்துரிமையைப் பற்றியது. 'தாயம்' வந்தால் தாயாதிகளும் பாகப்பிரிவினையும் உடன் வந்துவிடும். இங்கே பங்கு போடவே வழியில்லை. எல்லாத் தலைமுறைக்கும் உரிய சமூகச் சொத்து, விற்கவோ அழிக்கவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது.

> இந்தப் பரப்புக்கான உரிமை ஆவணத்துக்குக் 'கூட்டுப் பட்டா' என்று போட்டுவிடலாம்.

இதையும் அதே காரணத்துக்காக மறுக்கிறேன். நம்மூரில் கூட்டுப் பட்டா என்றால் பங்குதாரர்கள் உண்டு. உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கலாம், விற்கலாம். படிக்கிறவர் அதைத்தான் நினைப்பார். அதைவிட முக்கியமான ஒன்று: பட்டா என்பது அரசு கொடுப்பது. பிலிப்பைன்ஸில் 1909ஆம் ஆண்டு காரின்யோ வழக்கிலேயே, நினைவுக்கு எட்டாத காலம்தொட்டு ஒருவர் தம்முடையதாக ஆண்டுவரும் நிலம் ஒருபோதும் அரசு நிலமாக இருந்ததில்லை என்றே கொள்ளவேண்டும் என, அன்று அந்நாட்டை ஆண்ட அமெரிக்காவின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. (வழக்குத் தொடுத்தவர் மனோபோ அல்லர், வட லூசோனின் இபலோய் இனத்தவர். ஆனாலும் 1997 சட்டத்துக்கு அந்தத் தீர்ப்புதான் வேர்.) அரசு இங்கே எதையும் கொடுக்கவில்லை, ஏற்கெனவே இருப்பதை ஒப்புக்கொள்கிறது. ஆகவே 'உரிமை ஏற்புச் சான்று' என்பதே சரி. 2003இல் மத்திக்சாலுக் மக்களுக்கு வந்த சான்று ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைத் தழுவியது.

இனி என் பரிந்துரை: 'தொல்குடிப் புலம்'. தென்புலம், வடபுலம் என்னும்போது மண்ணையும் நீரையும் பிரித்தா சொல்கிறோம்? முழுப் பரப்பும் அதில் வந்துவிடுகிறது. பிறந்த மண்ணை விட்டுப் போனவரைப் 'புலம்பெயர்ந்தோர்' என்கிறோம். வள்ளுவர் முன்னோரைத் 'தென்புலத்தார்' என்றார். முன்னோர், இடம், அதை இழத்தல் ஆகிய மூன்றையும் தொட்டு நிற்கும் சொல் நம்மிடம் வேறு இல்லை. 'மூதாதையர்' என்றால் இறந்தவரோடு நின்றுவிடும். 'குடி' இனிப் பிறப்பவரையும் சேர்த்துக்கொள்ளும்.

வருவாய்த்துறையில் பணியாற்றிய அம்மா ஒருவர் தனிமடலில் ஒரு மறுப்பு எழுதியிருந்தார். நியாயமானது. 'புல எண்', 'புலப்படம்' என்று சர்வே ஆவணங்களில் இருப்பதால், 'புலம்' என்றதும் அளந்து கல் நட்ட துண்டு நிலம் நினைவுக்கு வராதா என்று கேட்கிறார். தனிச் சொல்லாக நின்றால் வரலாம். 'தொல்குடி' முன்னால் நிற்கும்போது வராது என்றே நம்புகிறேன்.

வருவாய்த்துறைச் சொற்களில் நாம் உண்மையிலேயே அஞ்சவேண்டியது 'தரிசு'. மனோபோக்கள் மலைநெல்லும் சர்க்கரைவள்ளியும் விளைவித்தபின் புனத்தைக் காடாக வளரவிட்டு வேறிடம் போவார்கள், மண் தேறியதும் திரும்புவார்கள். புக்கித்னோனில் இப்படி ஆறப்போட்ட இடங்களை ஆளில்லா வெற்றிடமாகக் கருதித்தான் மாட்டுப் பண்ணைகளும் மரவெட்டும் உள்ளே நுழைந்தன. 1997 சட்டம் இப்போது பழங்குடியினர் மட்டுமே குடியிருப்பதாக இல்லாத, ஆனால் வாழ்வுக்காக அவர்கள் வழிவழியாகப் போய்வந்த இடங்களையும் புலத்துக்குள் சேர்த்திருக்கிறது. எனவே கட்டுரைகளில் 'தரிசு' எங்கே வந்திருந்தாலும் 'ஆறவிட்ட புனம்' என்று திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியலில் இப்படிப் பதியலாம்:

ஆன்செஸ்ட்ரல் டொமைன்: தொல்குடிப் புலம்
ஆன்செஸ்ட்ரல் லேண்ட்: மூதாதையர் நிலம்
சான்றிதழ்: தொல்குடிப் புல உரிமை ஏற்புச் சான்று

மூன்றாவது நீளம்தான். முதல் முறை முழுதாக எழுதி, பிறகு 'புலச் சான்று' என்று சுருக்கலாமா? சட்டத் தமிழில் பழகியவர்கள் இதற்கு மட்டும் கருத்துச் சொன்னால் போதும்.

அன்புடன்