வெட்கப்படுகிறேன் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

டர்பன், சாட்ஸ்வொர்த்துக்கு வந்து 4 மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், சரியான சொல் கிடைக்கவில்லை.

ஊரில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றேன். "ஷேம்!" என்றார். வெட்கக்கேடு என்று திட்டுவதாக நினைத்து 2 நாள் முகம் கொடுக்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் அது 'ஐயோ பாவம்'. குழந்தையைக் கொஞ்சவும் அதையே சொல்கிறார்கள். நல்ல மனுஷி, நோகடித்துவிட்டேன்.

அகராதியில் அஷேம்ட், எம்பாரஸ்ட் இரண்டுக்கும் வெட்கம் என்றே இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்கிறது. 'ஸாரி' மட்டும் போதாது என்று படுகிறது. திங்கட்கிழமை அவரைப் பார்ப்பேன்.

தப்பு என்மேல்தான், அதற்கு வெட்கப்படுகிறேன் என்பதற்கு இவற்றில் எது பொருந்தும்?