12 இன்ச் சப்வூஃபருக்கு எந்த ஆம்ப்?

கேள்வி (தக்கலை): 12 இன்ச் கார் சப்வூஃபர் (பேஸ் மட்டும் குடுக்கிற ஸ்பீக்கர்), 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்குற பவர்), 4+4 ஓம் இரட்டை காயில். சீல்டு (காத்து போகாம அடைச்ச) பெட்டி ரெடி. ஏவி ரிசீவர்ல (ஹோம் தியேட்டர் ஆம்ப்) சப்வூஃபருக்குன்னு சப் அவுட் இருக்கு. டிபிஏ3255 (ஆம்ப் சிப்) ஸ்டீரியோ போர்டு, 48 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போதுமா? காயிலை எப்படிச் சேர்க்கணும்?

பதில் (நாகர்கோவில்): தாராளமா போதும் அண்ணே. காயிலைச் சேர்க்கவே வேண்டாம். சீரிஸ்ல போட்டா 8 ஓம், சத்தம் உடையாம 130 வாட் பக்கம்தான் வரும். பேரலல்ல போட்டா 2 ஓம். ஒரே சேனல்ல மாட்டினா பெரிய பேஸுக்கு ஓவர் கரண்ட் புரொடெக்‌ஷன் விழுந்து கட் ஆகும். காயிலுக்கு ஒரு சேனல் குடுங்க. சப் அவுட்டை ஒய் கேபிள்ல ரெண்டு இன்புட்டுக்கும் பிரிச்சா போச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு காயில்லயும் ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பிளஸ்ஸுக்கு பிளஸ் வச்சா ரெண்டுலயும் கோன் வெளியே வரணும். ஒண்ணு தலைகீழானா பேஸே இருக்காது, காயில் மட்டும் சூடாகும். ரெண்டு சேனலும் சேர்ந்தா 300 வாட்டைத் தாண்டும், வால்யூமைப் பார்த்து வையுங்க.

பதில் (குளச்சல்): எஸ்எம்பிஎஸ் 10 ஆம்பியர் எடுங்க, 5 ஆம்பியர்னா பெரிய பேஸுக்கு வோல்டேஜ் விழும். போர்டுல லோ பாஸ் (பேஸை மட்டும் விடுற ஃபில்டர்) இருக்காது, அதனால ரிசீவர் செட்டிங்ல மத்த ஸ்பீக்கரை ஸ்மால், கிராஸ்ஓவரை (பேஸ் சப்வூஃபருக்குப் பிரியுற இடம்) 80 ஹெர்ட்ஸ்னு வையுங்க. ஹம் (உர்ர்னு இரைச்சல்) வந்தா முதல்ல கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்க. எர்த் பின்னை மட்டும் வெட்டிடாதீங்க. கடற்கரைப் பக்கம்னா செம்பு வயர் முனை பச்சை பூக்கும், முனையை முறுக்கி ஈயம் பத்த வையுங்க.

கேள்வி (தக்கலை): ஸ்பீக்கர் வயர்?

பதில் (நாகர்கோவில்): 2.5 சதுர மி.மீ., முழுச் செம்பு.