ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு பையன் வயிறு சரியாகவில்லை, வழி சொல்லுங்கள்

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பாலக்கோடு பக்கம். பையனுக்கு ஒன்றரை வயது. மாசியில் சளி, காய்ச்சல் என்று ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தோம். அதிலிருந்து நான்கு நாள் தண்ணியாகப் போகிறான், இரண்டு நாள் சும்மா இருக்கிறான், அப்புறம் மறுபடியும். அங்கன்வாடித் தராசில் மூன்று மாதமாக அதே 8.6 கிலோ. ராகிக் களியைச் சின்னதாக உருட்டி, கீரையில் தொட்டு வைத்தால் ஆசையாக விழுங்கியவன், இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

ஓ.ஆர்.எஸ்., ஜிங்க் மருந்தெல்லாம் கொடுத்தாயிற்று. ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும் என்றார் டாக்டர். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், அதில் குழந்தைக்கே செரிக்காத ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது, அது அந்தப் பாக்டீரியாவுக்கான சாப்பாடு என்றார். கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

வங்கதேசத்தில் ஊட்டம் குறைந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் மாவு கலந்த உணவை மூன்று மாதம் கொடுத்ததில் எடை நன்றாக ஏறியது என்று 2021இல் ஆய்வு வந்திருக்கிறது. எல்லாமே நம் சந்தையில் கிடைக்கிறவைதானே.

யாராவது இந்த வயதுக் குழந்தைக்கு வாழைக்காய் மாவு கொடுத்திருக்கிறீர்களா? எவ்வளவில் ஆரம்பித்தீர்கள்? புளித்த ராகிக் கூழ் இப்போது கொடுக்கலாமா, வயிறு ஆறட்டுமா? தருமபுரி, கிருஷ்ணகிரியில் குழந்தைகளின் குடல் பிரச்சினையைப் பார்க்கும் டாக்டர் இருந்தால் சொல்லுங்கள். சேலம் என்றாலும் கூட்டிப்போகிறோம். வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், அதற்குள் சொன்னால் அவரிடமும் கேட்டுக்கொள்வேன்.