தசரா லீவு, தினமும் மிச்சமாகும் சுண்டல்: பிள்ளைகளுக்கு என்னதான் கொடுக்கிறீர்கள்?

ராமமூர்த்தி நகர் அம்மா:
லீவு விட்டு நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. பெரியவனுக்கு 8 வயது, சின்னவளுக்கு 3. கொலு வைத்திருப்பதால் தினமும் ஒரு சுண்டல், நைவேத்தியம் ஆனதும் இரண்டு பேரும் "வேண்டாம்" என்று ஓடிவிடுகிறார்கள், அப்புறம் அரை மணியில் பசி பசி என்று கீழே கடையில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடம். நேற்று ஏதோ வீடியோவைப் பார்த்து வெள்ளரிக்காயில் முதலை செய்தேன். முக்கால் மணி நேர வேலை. பையன் அதை வைத்துச் சண்டைக் காட்சி நடத்திவிட்டு எங்கேயோ போட்டுவிட்டான், ஒரு கடி கூடக் கடிக்கவில்லை. வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறேன், அடுப்படியில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. உடம்புக்கும் நல்லதாக, அவர்களுக்கும் விளையாட்டாக ஏதாவது சொல்லுங்களேன்.

மல்லேஸ்வரம் பாட்டி:
முதலையை விடும்மா, அது நாம் போட்டோ எடுக்கச் செய்வது. இங்கே பழைய மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் தசராவுக்குப் பொம்மை வைத்தால், பார்க்க வரும் குழந்தைகளுக்கு 'பொம்பெ பாகின' என்று தின்பண்டம் கொடுப்பார்கள், பார்த்திருக்கிறாயா? எங்கள் எதிர் வீட்டில் எல்லாமே பொம்மைக்குச் செய்த மாதிரி குட்டி குட்டியாக இருக்கும், சக்குலி ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். பெரிய முறுக்கைத் தொடாத என் பேத்தி அங்கே போய் ஆறு தின்றுவிட்டு வந்தாள்.

அதைப் பார்த்துத்தான் கொலுவில் இருந்த எவர்சில்வர் சொப்பைக் கழுவி அவளிடம் கொடுத்து "கடை போடு" என்றேன். சுண்டலைக் குட்டி அண்டாவில் கொட்டி, விரல் நீளக் கரண்டியால் அள்ளி, எனக்கு எண்ணி ஐந்து கொண்டைக்கடலை விற்றாள், ஒவ்வொரு வியாபாரத்துக்கும் நடுவில் தான் பத்து வாயில் போட்டுக்கொண்டாள். சாப்பிடு என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. பித்தளைச் சொப்பு என்றால் எலுமிச்சை பிழிந்ததை அதில் போடாதே, களிம்பு ஏறும். சென்னபட்டணா மரச் சொப்பு படியில் இருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

சின்னவளுக்கு முழுக் கடலை மட்டும் கொடுக்காதே, வேர்க்கடலையும்தான். தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவள் பங்கைக் குழைய வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பூ சேர்த்துத் தட்டிக் கொடு.

எலெக்ட்ரானிக் சிட்டி அப்பா:
அடுப்பே வேண்டாம் என்றால் ராகி ஹுரிஹிட்டு வாங்குங்கள். ராகியைப் பொரித்து அரைத்த மாவு, பெங்களூரில் பெரும்பாலான மளிகைக் கடைகளில் இருக்கும். பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சும்மா ராகி மாவு என்றால் பச்சை மாவைத் தருவார்கள். முதல் தடவை நான் அதில் உருண்டை பிடித்து, "மண்ணு மாதிரி இருக்குப்பா" என்று என் மகள் துப்பிவிட்டாள்.

ஒரு கப் மாவு, அரை கப்புக்கும் குறைவாக வெல்லத்தூள், தேங்காய்த் துருவல் ஒரு கைப்பிடி, ஏலக்காய், ஒரு ஸ்பூன் நெய். வெதுவெதுப்பான பாலை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளிக்க வேண்டும், ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும். பிசைவது வரைதான் நம் வேலை. அப்புறம் தட்டோடு அவர்களிடம் விட்டுவிடுங்கள், எங்கள் வீட்டில் பாம்பு, நத்தை, ஒரு தடவை மெட்ரோ ரயில் கூட வந்தது. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஆனால் வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் ஆளுக்கு இரண்டோடு நிறுத்திவிடுவேன். அன்றன்றைக்குச் செய்வதுதான் நல்லது, பால் சேர்ந்தது.

பன்னேர்கட்டா ரோடு சித்தி:
எல்லாம் சரி, ஆனால் நேரம் வைத்துக்கொள்ளாவிட்டால் எந்த நத்தையும் விலைபோகாது. எங்கள் வீட்டில் பதினொன்றுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று, நடுவில் தண்ணீர் மட்டும். முதல் இரண்டு நாள் ஒரே அழுகை. மூன்றாம் நாள் கீழே சைக்கிள் ஓட்டிவிட்டு வந்து, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு பிடுங்கித் தின்றார்கள்.

கலர் கேட்டால் தோசை மாவில் பீட்ரூட் சாறு. கல் ரொம்பக் காய்ந்திருந்தால் ரோஸ் நிறம் பழுப்பாகிவிடும், தணலைக் குறைத்து மூடி போட்டு எடுங்கள். வடிவம் எல்லாம் நான் செய்வதில்லை. கோணலாக வந்ததை "இது என்ன, சொல்லு" என்று அவர்களிடமே கேட்டுவிடுவேன்.

ராமமூர்த்தி நகர் அம்மா:
பாட்டி, இன்று கடை போட்டாச்சு! பெரியவன் அட்டையில் விலைப்பட்டியல் எழுதி ஒட்டினான், 'பட்டாணி சுண்டல் 10 ரூபாய், தேங்காய் எக்ஸ்ட்ரா'. சின்னவளுக்கு மசித்துக் கொடுத்தேன், அதைத் தங்கச்சி ஸ்பெஷல் என்று 20 ரூபாய்க்கு ஏற்றிவிட்டான். பாத்திரம் காலி. ஹுரிஹிட்டு நாளைக்கு. முதலையும் கிடைத்துவிட்டது, சோபாவுக்கு அடியில், வாடையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். கடையில் எனக்கு இப்போது 40 ரூபாய் கடன் இருக்கிறது, அடைக்காமல் நாளைக்குச் சுண்டல் கிடையாதாம்.