டிப் லொக்: ‘சில்லுப் பூட்டு’ என்பதை விடுத்துச் ‘சில்லுப் பிணைப்பு’ என்போம்

அன்புடையீர், வணக்கம்.

சாரதிப் பயிற்சிக் கையேட்டுக்காக நாம் சேர்த்துவரும் சொற்பட்டியலில், லொறியின் இரு பின்சில்லுகளையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிப் லொக் (டிபரன்சல் லொக்) என்பதற்கு வகையீட்டுப் பூட்டு, வேறுபாட்டுப் பூட்டு, சில்லுப் பூட்டு ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. முன்மொழிந்தவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் மூன்றும் வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கான காரணம் அந்தப் பொறி செய்யும் வேலையிலேயே இருக்கிறது.

மாட்டு வண்டிலின் இரு சில்லுகளும் அச்சில் தனித்தனியே சுழல்கின்றன. திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரம் ஓடினாலும் ஒன்று மற்றதைத் தடுப்பதில்லை. இழுப்பது மாடு, சில்லு அன்று. லொறியிலோ சில்லுதான் வண்டியை உந்த வேண்டும். எனவே இரு பின்சில்லுகளுக்கும் எஞ்சினின் விசையைக் கொடுத்துக்கொண்டே, திருப்பத்தில் அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் வேலையைப் பின் அச்சின் நடுவிலுள்ள டிபரன்சல் செய்கிறது. அது இரு பக்கத்துக்கும் ஏறத்தாழச் சமமான முறுக்கு விசையையே கொடுப்பதால், ஒரு சில்லு சேற்றில் வழுக்கித் தடையின்றிச் சுழலத் தொடங்கினால், திடமான தரையில் நிற்கும் மற்றச் சில்லுக்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். மன்னார் மாவட்டத்து முருங்கன் பக்கத்துக் கருங்களியில் மாரி மழை விழுந்த பிறகு லொறி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த மண் ஈரத்தை உறிஞ்சி ஊதி, ரயரின் வெட்டுகளை அப்பி மூடிவிடும். ஒரு சில்லு குழி பறித்துக்கொண்டிருக்க மற்றது அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில், டிபரன்சலிலிருந்து இரு சில்லுகளுக்கும் செல்லும் அரை அச்சுகளை ஒன்றாகப் பிடித்து, ஒரே வேகத்தில் சுழலவைப்பதே டிப் லொக்.

வகையீடு என்பது நம் பாடசாலைக் கணிதத்துக்குரிய சொல். வகையீட்டுச் சமன்பாடு படித்தவருக்கு அது வேறொன்றை நினைவூட்டும், படிக்காதவருக்கு எதையும் சொல்லாது. ‘வேறுபாட்டுப் பூட்டு’ என்பதைக் கேட்டால் எதன் வேறுபாடு என்ற கேள்விதான் எழுகிறது.

‘சில்லுப் பூட்டு’ என்ற சொல்லை நான் அஞ்சுகிறேன். நம் கராச்சுகளில் சில்லைப் பூட்டு என்றால் கழற்றிய சில்லைத் திரும்பப் பொருத்து என்பது பொருள். வீட்டில் பூட்டு என்றால் திறக்க முடியாதபடி அடைப்பது. வயலில் ஏர் பூட்டுதல் என்றால் இரு மாடுகளை நுகத்தில் இணைப்பது. மூன்றாவது பொருள் நமக்கு உகந்ததுதான். ஆனால் இளைய சாரதிகளின் காதில் முதலில் விழுவது அதுவன்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பொன்றில் இதே சொல்லை வைத்திருந்தேன். அதைப் படித்த பயிலுநர் ஒருவர், சில்லு சுழலாமல் நிறுத்தும் ஏற்பாடு என்று விளங்கிக்கொண்டு, குளக்கட்டுச் சரிவில் வண்டியை நிறுத்தி, கைப்பிறேக்கை இழுக்காமல் டிப் லொக் ஆளியை மட்டும் போட்டுவிட்டு இறங்கினார். வண்டி உருண்டு வாய்க்கால் ஓரத்து மருத மரத்தில் முட்டி நின்றது. எவருக்கும் காயமில்லை. பிழை அவருடையதன்று, சொல்லைத் தெரிந்தெடுத்த என்னுடையது.

ஆபத்தோடு தொடர்புடைய ஒரு சொல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வன்னியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. மிதிவெடி என்ற சொல்லைக் கேட்ட பிள்ளைக்கு அகராதி தேவைப்படவில்லை. என்ன செய்தால் என்ன நடக்கும் என்பது சொல்லுக்குள்ளேயே இருந்தது. நம் சொல்லும் அப்படிச் சொல்ல வேண்டும்.

ஆகவே ‘சில்லுப் பிணைப்பு’ என்பதை முன்வைக்கிறேன். பிணைத்தல் என்றால் இரண்டைச் சேர்த்துக் கட்டுதல் என்பதில் ஐயம் எழாது. சூடு மிதிக்க மாடுகளைப் பிணைத்த நினைவு இன்னும் இருக்கிற மண் இது. இன்னொரு நன்மையை இதைவிடப் பெரிதாகக் கருதுகிறேன்: பிணைத்ததை அவிழ்க்க வேண்டும் என்பது தமிழ் பேசுபவருக்குத் தானாகவே தோன்றும். டிப் லொக்கினால் வரும் சேதத்தில் பெரும்பகுதி அதைப் போட மறந்ததால் அன்று, எடுக்க மறந்ததால் வருவது. கிறவல் தடத்தில் போட்டதை எடுக்காமல் ஏ9 வீதியில் ஏறினால், திருப்பத்தில் வெவ்வேறு வேகம் வேண்டிய இரு சில்லுகளும் ஒரே வேகத்தில் இழுபட்டு, ரயர் தேயும், அரை அச்சு முறுக்கேறும், வண்டி திரும்ப மறுத்து நேராக ஓடப் பார்க்கும்.

‘பிணை என்பது நீதிமன்றச் சொல் அல்லவா’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘பிணை’ என்று தனியே எழுதாமல் ‘பிணைப்பு’ என்றே எழுதினால் அந்த மயக்கம் வராது. சொல் வாக்கியத்தில் நிற்கிறதா என்று பார்க்கக் கையேட்டின் இரு பகுதிகளை எழுதிப் பார்த்தேன்.

“சேற்றில் இறங்குவதற்கு முன்பே வண்டியை நிறுத்திச் சில்லுகளைப் பிணைக்கவும். சில்லு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தால், காலை எடுத்து, அது முற்றாக நின்ற பிறகே பிணைக்கவும். சுழலும்போது பிணைத்தால் பற்கள் உடையும். பிணைப்பு விளக்கு எரிவதைப் பார்த்த பின், இயன்றவரை நேராக, மெதுவாகச் செலுத்தவும். திடமான தரைக்கு வந்தவுடன் அவிழ்க்கவும். ஆளியை எடுத்த பிறகும் விளக்கு எரிந்தால் முறுக்கு இன்னும் தளரவில்லை; சிறிது பின்னோக்கி எடுத்தால், அல்லது சுக்கானை இரு பக்கமும் மெல்லத் திருப்பியபடி ஓட்டினால், பற்கள் விடுபடும்.”

“மாரி முழுவதும் பயன்பட்டுக் கோடையில் கிடக்கும் பிணைப்பு இறுகிப்போகும், மாதம் ஒரு முறையாவது மணல் தரையில் பிணைத்து அவிழ்க்கவும். குளம் நிரம்பி வான் பாயும் நீரில் வேகத்தையும் ஆழத்தையும் அறியாமல் இறங்க வேண்டாம். நீரைக் கடந்து வந்த வண்டியின் டிபரன்சல் எண்ணெயைச் சோதிக்கவும். பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது, உடனே மாற்றவும். அச்சின் மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருந்தால் துப்புரவாக்கவும்.”

இந்த வாக்கியங்களை நெடுங்கேணியில் ரக்ரர் திருத்தும் ஒரு முதியவரிடம் படித்துக் காட்டினேன். எங்கும் நிறுத்தி அவர் விளக்கம் கேட்கவில்லை. உள்ளே பற்களைத் தள்ளும் உறுப்புக்கு நான் வைத்திருந்த ‘நகர்த்தி’யை மட்டும் மறுத்து, அது கவைக்கோல் மாதிரித்தானே இருக்கிறது, ‘கவை’ என்று எழுதுங்கள் என்றார். ‘பிணைப்புக் கவை’ என்பதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

டிபரன்சலுக்கு ‘ஈடுகொடு பல்லிணை’ என்பது என் மனத்தில் உள்ளது. ஆனால் ஓர் ஆண்டாவது கராச்சில் வழங்கிப் பார்க்காமல் அதை வற்புறுத்த மாட்டேன். அதுவரை டிபரன்சல் என்றே இருக்கட்டும். சில்லுப் பிணைப்பை மட்டும், கையேடு அச்சுக்குப் போவதற்கு முன், இந்தக் கிழமைக்குள் முடிவுசெய்யுமாறு வேண்டுகிறேன்.